வாசல் கொள்ளாத பீரோ

புதுக் கம்பெனி திறப்புக்கு நாள் குறித்து, பத்திரிகையும் அடித்து வந்த பிறகு, மாரீஸ்வரி குத்துவிளக்கு ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அவள் சத்தம் போட்டால் பயப்பட வேண்டியதில்லை, மெதுவாகச் சொன்னால்தான் ஆபத்து என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

“பேரு போட்டு அடிச்சாச்சும்மா. ‘குத்துவிளக்கு ஏற்றுபவர் திருமதி மாரீஸ்வரி கருத்தப்பாண்டி’ன்னு கொட்டை எழுத்துல கெடக்கு. இப்ப வந்து இப்படிச் சொன்னா நான் என்ன செய்ய?” என்றாள் மகள் அனுசியா. கம்பெனியை இப்போது நடத்துகிறவள் அவள்தான்.

“என்னைக் கேட்டா அடிச்ச?”

“கம்பெனிய ஆரம்பிச்சது நீயும் அப்பாவும். வேற யாரை ஏத்தச் சொல்ல?”

“ஆரம்பிச்சது மூணு பேரு. பொறந்த வீட்டுச் சீர் வராம நான் வெளக்கத் தொட மாட்டேன்.”

முன்னறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த கருத்தப்பாண்டி சத்தத்தைக் குறைத்தார். குறைத்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. மனைவிக்கும் அவள் அண்ணனுக்கும் நடுவே போனால் என்ன ஆகும் என்பதை அவர் இளம் வயதிலேயே பார்த்துவிட்ட மனிதர்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் முதல் ஷெட்டு போட்டபோதும், பெயிண்ட் ஷெட்டு போட்டபோதும், ராஜபாளையத்தில் ஷோரூம் திறந்தபோதும் மாரீஸ்வரி விளக்கு ஏற்றியதில்லை. பேங்க் மேனேஜர் சம்சாரம் ஏற்றினார், கவுன்சிலர் சம்சாரம் ஏற்றினார். மாரீஸ்வரி பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றாள். நல்ல பணிவு என்று ஊர் மெச்சியது. மாரீஸ்வரிக்கும் பணிவுக்கும் எவ்வளவு தூரம் என்பது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எங்கள் தெருக்காரர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் தெருவில்தான் அது ஆரம்பித்தது. இன்றைக்கு மடவார் ஸ்டீல்ஸ் என்றால் ஆபீஸ் பீரோ, ரேக், மேசை, நாற்காலி என்று லாரி லாரியாகப் போகிறது. அன்றைக்கு அது மாரீஸ்வரியின் அண்ணன் சமுத்திரத்தின் வீட்டுப் பக்கத்தில் ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. சமுத்திரம் டிரங்குப் பெட்டி செய்கிறவர். கல்யாணச் சீருக்குப் பெட்டி வேண்டும் என்றால் பாதி ஊர் அவரிடம்தான் வரும். மூடியில் ஒரு பச்சைக் கிளி வரைந்து தருவார். கிளி கொஞ்சம் கோழி ஜாடையில் இருக்கும். ஆனாலும் அதைக் கேட்டு வாங்கிப் போவார்கள்.

அவர் தங்கச்சியைக் கட்டிய கருத்தப்பாண்டிக்குச் சொந்த ஊர் செட்டியார்பட்டி. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்தார். ஒரு கோடையில் மில்லைப் பூட்டிவிட்டார்கள். வேலையில்லாத மனிதர், மச்சான் கொட்டகையில் வந்து உட்கார்ந்து பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிச் செங்குத்தாக நிறுத்தினார்.

“மச்சான், பெட்டிய நிமுத்தி வச்சா பீரோதான?”

கம்பெனி பிறந்தது அந்த ஒரு கேள்வியில். சமுத்திரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “ஏலே, ஆமாலே” என்றார். மாப்பிள்ளையை ஏலே என்று சொல்லிவிட்டோமே என்று அன்று முழுக்க வெட்கப்பட்டுக்கொண்டு திரிந்தாராம்.

தகடு வளைக்க மிஷின் கிடையாது. இரண்டு ஆங்கிள் இரும்புக்கு நடுவே தகட்டைக் கவ்வ வைத்து, மூன்று பேரும் வரிசையாக நின்று மரச்சுத்தியால் தட்டிக்கொண்டே போவார்கள். அண்ணன் ஒரு தட்டு, மாப்பிள்ளை ஒரு தட்டு, மாரீஸ்வரி ஒரு தட்டு. தாளம் தப்பினால் தகடு நெளிந்துபோகும். வாடகைக்கு எடுத்த வெல்டிங் செட்டைப் போட்டால் தெரு பூராவும் பல்பு மங்கும். எதிர்வீட்டுச் சுடலையம்மாள் வாசலில் நின்று கத்துவாள்:

“ஏலே சமுத்திரம், உன் பீரோவுக்கு எங்க வீட்டு வெளிச்சத்தையும் உருக்கி ஊத்துதியாலே?”

இப்போது அந்தத் தெருவில் அந்தச் சத்தம் இல்லை. எங்களுக்கெல்லாம் அது இல்லாமல் என்னவோ போலத்தான் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் திட்டித் தீர்த்த சத்தம்தான். ஆனாலும் மூன்று பேர் ஒரே தாளத்தில் வேலை செய்த சத்தம் அது.

மாரீஸ்வரிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஒவ்வொரு பீரோவும் முடிந்ததும், தட்டுகளை மாட்டுவதற்கு முன்னால், அவள் உள்ளே ஏறிக் குத்தவைத்து உட்கார வேண்டும். வெளியே கதவைச் சாத்திவிடுவார்கள். எந்த மூலையில், எந்தப் பற்றவைப்பில் ஊசி முனை அளவு வெளிச்சம் வந்தாலும் உள்ளே இருப்பவளுக்குத் தெரிந்துவிடும். வெளிச்சம் வருகிற இடத்தில் தூசி வரும், பூச்சி வரும், மழைக்காலத்தில் ஈரம் வரும். “வெளிச்சம் பார்க்கிறது” என்று அதற்குப் பெயர். வெளியே நின்று அண்ணன் கேட்பார், “வருதா?” உள்ளேயிருந்து தங்கச்சி சொல்லுவாள், “மேல வலது மூலைல ஒரு பொட்டு வருதுண்ணே.” அந்த இடத்தை அடைத்த பிறகுதான் பெயிண்ட். வெளிச்சம் பார்க்காமல் ஒரு பீரோவும் எங்கள் தெருவை விட்டுப் போனதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீசிலிருந்து அந்தப் பெரிய ஆர்டர் வந்தது. நூல் கோன் சாம்பிள் பெட்டிகளை அடுக்கி வைக்க ஆள் உயரத்துக்கு மேல், நல்ல ஆழமாக ஒரு பீரோ. மேனேஜர் ராஜு தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார்.

“நட்டு போல்ட்டு வொத்தய்யா, வேண்டாம். முன்னாடி வாங்கினது ஆட்டினா கடகடங்குது. ஒரே கட்டா இருக்கணும். ஆயுத பூஜைக்கு இங்கே நிக்கணும்.”

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. கொட்டகை ஓலை ஒழுகியது. ஈரத்தில் தகடு துருப்பிடிக்கும், பெயிண்ட் நிற்காது. “வீட்டுக்குள்ள வச்சுச் செஞ்சா என்ன?” என்றாள் மாரீஸ்வரி. அண்ணன் வீட்டு முன்னறையில் கிடந்த கட்டிலையும் நெல்லுக் குதிரையும் எடுத்து ஓரமாக்கினார்கள். தகடுகளைத் தனித்தனியாக உள்ளே கொண்டுபோய், வளைத்து, பற்றவைத்து, வெளிச்சம் பார்த்து, சாம்பல் பச்சையில் பெயிண்டும் அடித்துவிட்டார்கள். சமுத்திரத்தின் மனைவி வெள்ளத்தாய் பெயிண்ட் வாடை தாங்காமல் பக்கத்து வீட்டில் போய்ச் சோறு பொங்கினாள். பீரோ என்றால் அது பீரோ. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

பூஜைக்கு முந்தின நாள் டிராக்டர் வந்து நின்றது. பீரோவை வாசலுக்கு நகர்த்தினார்கள்.

வாசல் கொள்ளவில்லை.

நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், படுக்க வைத்துப் பார்த்தார்கள். சமுத்திரத்தின் அப்பா வைத்த பழைய வாசல்நிலை அது. ஆள் குனிந்துதான் நுழைய வேண்டும், ஒருத்தர் போனால் ஒருத்தர் வர முடியாது. மில் ஆபீஸ் வாசலை அளந்திருந்தார்கள். டிராக்டர் பெட்டியை அளந்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து நுழைகிற வாசலை யார் அளப்பார்கள்?

சமுத்திரம் செத்த நேரம் பீரோவைப் பார்த்தார். நிலையைப் பார்த்தார். “ரெண்டா அறுத்து வெளிய கொண்டுபோய்ப் பத்தவச்சுக்கிடுவோம்” என்று சொல்லிவிட்டு, ரம்ப பிளேடு வாங்க பஜாருக்குப் போனார். கருத்தப்பாண்டி தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மாரீஸ்வரி கொட்டகைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“வேண்டாம் புள்ள. உங்க அப்பா வச்ச நிலை.”

“எங்க அப்பா வச்ச நிலைதான? உங்க அப்பா வச்சதில்லையே? தள்ளுங்க.”

நிலையைப் பேர்க்கிறது எங்கள் பக்கத்தில் லேசான காரியம் இல்லை. நல்ல நாள் பார்த்து, நவதானியம் போட்டு, பூஜை செய்து நட்டது. வீடே இடிந்து விழுந்தாலும் நிலையைத் தனியாக எடுத்து அடுத்த வீட்டுக்கு வைத்துக்கொள்வார்கள். நிலை இருக்கிற இடம்தான் வீடு. அதைத் தங்கச்சிக்காரி, அண்ணன் இல்லாத நேரத்தில், நின்ற இடத்தில் நெம்பி எடுத்துத் தெருச் சகதியில் சாய்த்தாள். சுவரில் இரண்டு பக்கமும் கல்லைப் பேர்த்துத் தள்ளினாள். பீரோ ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தது.

சமுத்திரம் திரும்பி வரும்போது கையில் காகிதத்தில் சுற்றிய பிளேடு. வீட்டுக்கு வாசலும் இல்லை, நிலையும் இல்லை. மழை உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. அவர் சண்டை போடவில்லை. அப்படிப் போட்டிருந்தால் ஆறியிருக்கும்.

“ஏட்டி மாரி, இது என் வீட்டு வாசல் மட்டுமா? உனக்கும் பொறந்த வீட்டு வாசல்தான? அது போச்சு. இனி அப்படி ஒண்ணு உனக்குக் கெடையாது.”

பீரோ ஒரு பக்கம் போனது. அடுத்த வாரமே சமுத்திரம் நிலையை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, மனைவியின் ஊரான தேவதானத்துக்குப் போய்விட்டார். வெள்ளத்தாய்தான் தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். அந்த மில் பீரோவைப் பார்த்து அடுத்த மில்லில் கேட்டார்கள், அடுத்து யூனியன் ஆபீசில் கேட்டார்கள். உடைந்த சுவரில் ஷட்டர் போட்டு அந்த வீட்டையே பெயிண்ட் ஷெட்டாக்கினார்கள். வாடகையை மாதாமாதம் தேவதானத்துக்கு அனுப்பினார்கள். அதை அவர் வாங்கிக்கொண்டார். கடிதாசிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் பதில் இல்லை. அனுசியாவுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி இல்லாமல் யாரோ ஒரு பெரியப்பா மடியில் உட்கார வைத்தார்கள்.

இப்போது பழைய இடம் போதாமல், செட்டியார்பட்டியில் பெரிய கட்டடம் எழும்பிவிட்டது. அண்ணனுக்கு எழுபது தாண்டிவிட்டது. மாரீஸ்வரி கீரை உருவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“காரை எடுக்கச் சொல்லு. தேவதானம் போயிட்டு வருவோம்.”

“நானும் வாரேன்” என்றார் கருத்தப்பாண்டி.

“நீங்க வேண்டாம். நீங்க வந்தா அவுக மரியாதையாப் பேசுவாக. எனக்கு அது வேண்டாம்.”

ஆவணி பிறந்தும் காற்று ஓயவில்லை. சேத்தூர் தாண்டியதும் மலையிலிருந்து இறங்கிய காற்று தென்னைகளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தது. மாரீஸ்வரி தாம்பூலத் தட்டை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். வழி முழுக்க அம்மா அதைக் கீழே வைக்கவே இல்லை என்று அனுசியா பிற்பாடு எங்களிடம் சொன்னாள்.

சமுத்திரத்தின் வீடு ஊர்க் கடைசியில், தோப்பை ஒட்டி இருந்தது. சுவர் புதுசு, ஓடு புதுசு. வாசலில் இருந்த நிலை மட்டும் பழசு. மாரீஸ்வரி முற்றத்திலேயே நின்றுவிட்டாள். மஞ்சள் பூசி மெருகேறிய அந்தக் கட்டையில், வலது பக்கம் இடுப்பு உயரத்தில், சின்ன வயதில் அவள் ஆணி வைத்துக் கீறிய கோடுகூட அப்படியே இருந்தது.

வெள்ளத்தாய் வெளியே வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“யாரு… மாரியா? ஏ ஆத்தாடி! வா தாயி, வா. இது யாரு, உன் மகளா? குனிஞ்சு வாங்க, நிலை தலைல இடிக்கும்.”

“எனக்கா சொல்லுதிய மதினி? இதுல இடிச்சு இடிச்சுத்தான வளந்தேன்.”

குனிந்து நுழைந்தாள். நுழையும்போது நிலையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே சமுத்திரம் தேங்காய் நார்க்கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“யாரு வந்திருக்கா?”

“பாத்தாத் தெரியும்ல?”

“கண்ணு செரியாத் தெரியல.”

“காது நல்லாக் கேக்குதுல்ல? மாரி வந்திருக்கேன். புதுக் கம்பெனி திறக்கோம். பத்திரிகை வைக்க வந்தேன்.”

“வச்சுட்டுப் போ.”

“நீ சீரோட வரணும்ணே.”

கயிறு திரிப்பது நின்றது. “எந்த வீட்டுச் சீர்? உனக்குத்தான் பொறந்த வீடு கெடையாதே.”

“இப்ப நான் குனிஞ்சு நுழைஞ்சது யாரு வீட்டு வாசல்?”

சமுத்திரம் திரும்பி நிலையைப் பார்த்தார். அதோடு விட்டுவிடுகிற ஆளா?

“செரி. வாரேன். தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லு. தட்டெடுத்துட்டு வாரேன்.”

“சொல்ல மாட்டேன்.”

“பெறவு எதுக்கு வந்த?”

“கூப்புட வந்தேன். மன்னிப்புக் கேக்க வரல. ஒரு பொட்டு வெளிச்சம் வராத பீரோ அது. நம்ம கையில அதுக்கு முன்ன அப்படி ஒண்ணு அமஞ்சுதா? அதப் போய் அறுப்பேன்னு நின்னியே!”

“அறுத்து ஒட்டியிருப்பேன். ஒட்டத் தெரியாதவனா நான்?”

“ஒட்டுன எடத்துல வெளிச்சம் வரும்ணே.”

“வந்தா வரட்டும்! அப்பா வச்ச நிலையச் சகதில போட்டியே. நான் அத ராத்திரி பூரா வேட்டிய வச்சுத் துடைச்சேன். தெரியுமாட்டி உனக்கு?”

“அந்தப் பீரோவுல இருந்து எம்புட்டுக் குடும்பம் இன்னைக்குக் கஞ்சி குடிக்கி. அது தெரியுமா உனக்கு?”

“ரெண்டும் ஒரே சட்டில வெந்தது” என்று வெள்ளத்தாய் அனுசியாவைப் பார்த்துச் சொன்னாள். “நீ வா தாயி, சாப்புடுவோம். இது இப்பதைக்கு முடியாது.”

கேப்பைக்களியும் கருவாட்டுக் குழம்பும். வந்தவர்கள் வாசலோடு போகக் கூடாது என்று வெள்ளத்தாய் இலையைப் போட்டுவிட்டாள். அண்ணனும் தங்கச்சியும் எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார்கள். களிக்கு நடுவே குழி செய்து குழம்பை ஊற்றி, ஓரத்திலிருந்து கிள்ளிக் கிள்ளித் தொட்டுச் சாப்பிடுவது இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருந்தது. அனுசியாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஆளை இத்தனை வருஷம் மாமா என்று கூப்பிட முடியாமல் போய்விட்டதே என்று நினைத்தாள்.

கை கழுவப் பின்பக்கம் போனபோது காற்று ஒரு தூக்குத் தூக்கியது. மாட்டுக்கொட்டத்தில் எதையோ மூடியிருந்த தார்ப்பாய் படபடவென்று அடித்து ஒரு முனை விலகியது. உள்ளே சாம்பல் பச்சையில் ஒரு மூலை தெரிந்தது.

மாரீஸ்வரி கை கழுவாமலே நடந்தாள்.

“ஏட்டி, அங்க எங்க போற? மாடு முட்டும்” என்று கத்திக்கொண்டே சமுத்திரம் ஓடி வந்தார். மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அது யாரையும் முட்டுகிற மாடாகத் தெரியவில்லை.

மாரீஸ்வரி தார்ப்பாயை இழுத்தாள். அந்தப் பீரோதான். பெயிண்ட் மங்கியிருந்தது. காலடியில் கொஞ்சம் துரு. உள்ளே பருத்திவிதையும் புண்ணாக்கும் இருந்தன. அவள் உள்ளங்கையை அதன் மேல் வைத்துவிட்டு எடுக்கவே இல்லை.

“இது எப்படி இங்க வந்துச்சு?”

சமுத்திரம் தோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளத்தாய்தான் சொன்னாள்.

“இத வாங்குன மில்ல மூடுனாங்கள்ல? சாமானெல்லாம் வித்தாங்க. கேள்விப்பட்டதும் மனுசனுக்கு இருப்புக் கொள்ளல. யாரோ பழைய இரும்புக்கு எடைக்குப் போட்டுருவான்னு பொலம்பிட்டு, டிராக்டரப் புடிச்சுப் போயி வாங்கிட்டு வந்துட்டாக. நடு வீட்டுல வைக்கணும்னு எடமெல்லாம் ஒதுக்கிட்டேன். வாசல்ல கொண்டாந்து எறக்குனா…” வெள்ளத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“போகலையா?” என்றாள் அனுசியா.

“எப்படிப் போகும்? அதே நிலை, அதே பீரோ.”

முதலில் சிரித்தது அனுசியா. அடுத்து மாரீஸ்வரி. கொட்டத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“அளக்கலையாண்ணே?”

“அளக்காம என்ன? மில் வாசல அளந்தேன். டிராக்டர அளந்தேன்” என்று சொல்லும்போது அவருக்கே உதடு கோணியது. “என்னட்டி இளிப்பு?”

சிரிப்பு மெல்ல அடங்கியது. மாரீஸ்வரி மெதுவாகக் கேட்டாள்.

“அறுத்து உள்ள கொண்டுபோயிருக்கலாமே. பிளேடு இல்லையா?”

காற்று தார்ப்பாயை அடித்துக்கொண்டே இருந்தது. சமுத்திரம் குனிந்து பீரோவின் கால் துருவை நகத்தால் சுரண்டினார்.

“மனசு வரலட்டி” என்றார்.

அவள் ஜெயித்துவிட்டாள். அதைச் சொல்லிக் காட்டாமல் இருக்க மாரீஸ்வரிக்கு அன்றைக்குத்தான் முடிந்தது.

“தப்புன்னு நான் சொல்ல மாட்டேண்ணே. ஆனா ஒண்ணு சொல்லுதேன். அன்னைக்குக் கடப்பாரைய வச்சு நெம்புனப்ப, அப்பா ‘ஏட்டி’ன்னு கூப்புட்ட மாதிரி இருந்துச்சு. இன்னை வரைக்கும் எந்த வாசல்ல நுழைஞ்சாலும் எனக்கு அது கேக்கு.”

சமுத்திரம் விலகிய தார்ப்பாயை இழுத்து மூடினார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. கார் கிளம்பும்போது வெள்ளத்தாய் மட்டும் வெளியே வந்து கையசைத்தாள்.

திறப்பு அன்று காலையிலேயே செட்டியார்பட்டியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எங்கள் தெருக்காரர்கள் வேன் பிடித்துப் போயிருந்தோம். புதுக் கட்டடத்தின் முகப்பில் லோடு லாரி அப்படியே உள்ளே போகிற மாதிரி வாசல். குத்துவிளக்கில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டிருந்தது. மாரீஸ்வரி பட்டுச்சேலையில், விளக்குப் பக்கம் போகாமல், தூணோடு ஒட்டி நின்றாள். சாம்பார் வாளி கையில் இல்லாதது ஒன்றுதான் வித்தியாசம்.

“நல்ல நேரம் போய்க்கிட்டிருக்கும்மா” என்றார் பூஜைக்காரர்.

“போகட்டும்.”

“அம்மா, எல்லாரும் பாக்காக” என்று அனுசியா காதருகே சொன்னாள்.

“நானும் ரோட்டத்தான் பாத்துட்டிருக்கேன்.”

கருத்தப்பாண்டி முழங்கால் வலியோடு வாசலுக்கும் விளக்குக்கும் நடந்துகொண்டிருந்தார். பூஜைக்காரர் இரண்டாவது தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது தென்காசி ரோட்டுப் பக்கமிருந்து ஒரு டிராக்டர் திரும்பியது. பின்னால் பெட்டியில், கயிறு போட்டுக் கட்டி, பீரோ நின்றுகொண்டிருந்தது. புதுப் பெயிண்ட் அடிக்கவில்லை. கழுவி, எண்ணெய் போட்டுத் துடைத்து, நெற்றியில் சந்தனம் வைத்திருந்தார்கள். பக்கத்தில் வெள்ளத்தாய் மடியில் சீர்த்தட்டோடு உட்கார்ந்திருந்தாள். சேலை, வெற்றிலை, தேங்காய், ஒரு தார் வாழைப்பழம்.

சமுத்திரம் டிராக்டரை முன்னே விட்டுப் பின்னால் நடந்து வந்தார். பீரோ நின்ற வாக்கிலேயே உள்ளே போனது, தலைக்கு மேல் இன்னும் ஒரு பீரோவுக்கு இடம் இருந்தது. அவர் வாசலுக்கு வந்தார். அவ்வளவு உயரமான வாசலில், தலை குனிந்து நுழைந்தார். பழக்கம்தான். ஆனால் எங்கள் தெருக்காரர்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

“வாங்க மச்சான்” என்று கருத்தப்பாண்டி கையைப் பிடித்தார். 

“வாசல் பெருசாத்தான் வச்சிருக்கிய மாப்ள.”

“உங்க தங்கச்சி அளந்தது.”

வெள்ளத்தாய் தட்டைக் கொடுத்தாள். மாரீஸ்வரி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விளக்கை நோக்கி நடந்தாள். சமுத்திரம் கையை நீட்டி மறித்தார்.

“இரு. எங்க போற? இது உன் கம்பெனிக்குள்ள வந்திருக்குல்ல. பாக்காம வைக்கக் கூடாது.”

“என்னண்ணே?”

அவர் பீரோக் கதவைத் திறந்தார். தட்டுகளை ஏற்கெனவே கழற்றியிருந்தார். உள்ளே பருத்திவிதை வாடை இன்னும் இருந்தது. “ஏறு” என்றார்.

பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அனுசியாவின் தோளைப் பிடித்து, மாரீஸ்வரி உள்ளே ஏறிக் குத்தவைத்து உட்கார்ந்தாள். இளவயதில் உட்கார்ந்த மாதிரி லேசாக இல்லை, முட்டி இடித்தது. சமுத்திரம் கதவைச் சாத்திக் கைப்பிடியைத் திருகினார். பிறகு காதைத் தகட்டின் மேல் வைத்துக்கொண்டார்.

“வருதா?”

பதில் இல்லை.  பூஜைக்காரர்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

“ஏட்டி மாரி, உன்னத்தான். வெளிச்சம் வருதா?”

“தெரியலண்ணே” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அழுகிற குரல். “கண்ணு நெறஞ்சு கெடக்கு. செத்த நேரம் இரு. பாத்துட்டுச் சொல்லுதேன்.”

“பாரு, பாரு. மெதுவாப் பாரு” என்றார் சமுத்திரம். கதவில் வைத்த கையை எடுக்காமல், அங்கேயே நின்றார்.